மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தவர் பேங்க் மேல் வழக்குப் போடலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் ஐந்தாறு ஒரே இடத்தைச் சுற்றி வந்தன. கடன் தாங்க முடியாமல் ஐ.பி. போட்டிருக்கிறார்கள், அதாவது நொடிப்பு மனு, நம் பேச்சில் மஞ்சள் நோட்டீஸ். ஆனால் கடன் கொடுத்தவரும் அவர்களுக்குத் தப்புப் பண்ணியிருக்கிறார்: கணக்கில் இல்லாததை எழுதியது, வட்டியைச் சொல்லாமல் ஏற்றியது, வீட்டுக்கு ஆள் அனுப்பியது. இப்போது அவர் மேல் வழக்குப் போகலாமா, அந்த உரிமை இன்னும் நம் கையில் இருக்கிறதா என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். மற்ற கடிதங்களை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்று எல்லோருமே கேட்டிருப்பதால் போடவில்லை.

கேள்வி: ஐயா, எட்டு விசைத்தறி போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தனியார் ஃபைனான்ஸ் கம்பெனியில் 12 லட்சம் தொழில் கடன் வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது. போன வருடம் ஸ்டேட்மெண்ட் வாங்கிப் பார்த்தால், நான் கையெழுத்தே போடாத இன்சூரன்ஸுக்கு 68 ஆயிரம் பிரீமியம், கடன் கொடுத்த அன்றைக்கே பிடித்திருக்கிறார்கள். வட்டியும் 14 சதவீதத்திலிருந்து 17 ஆகியிருக்கிறது, ஒரு கடிதம்கூட வரவில்லை. இதுபோல மற்றதும் சேர்த்து 3 லட்சத்துக்குக் குறையாது. வக்கீல் நோட்டீஸ் விட்டேன், பதில் இல்லை. அதற்குள் நூல் கொடுத்தவர்கள் நெருக்க ஆரம்பித்ததால் சப் கோர்ட்டில் ஐ.பி. போட்டேன், போன மாதம் நொடித்தவர் என்று உத்தரவும் ஆகிவிட்டது. இப்போது கம்பெனி மேல் பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடலாம் என்று பார்த்தால், அவர்கள் ஆள் "ஐ.பி. போட்டவனுக்குக் கேஸ் போடுகிற உரிமையே கிடையாது" என்று சொல்கிறார். நிஜமா?

பதில்: பாதி நிஜம். அவர் சொல்லாமல் விட்ட மீதிப் பாதிதான் உங்களுக்கு வேண்டியது.

உங்கள் மனு 1920-ஆம் வருட மாகாண நொடிப்புச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. அதன் 28-ஆவது பிரிவுப்படி, ஒருவரை நொடித்தவர் என்று அறிவித்த உடனே அவருடைய சொத்து முழுவதும் கோர்ட்டுக்கோ கோர்ட் நியமித்த ரிசீவருக்கோ, அதாவது அந்தச் சொத்தைக் கையில் எடுத்துக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடுபவருக்கோ, போய்விடுகிறது. சொத்து என்றால் நாம் தறி, நிலம், வண்டி என்று நினைப்போம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. உங்களுக்கு ஒருவர் பணம் தர வேண்டியிருந்தால், அதை வழக்குப் போட்டு வாங்குகிற உரிமையும் சொத்துதான். ஆக அந்த 3 லட்சத்தைக் கேட்கும் உரிமை அழிந்துபோகவில்லை, இடம் மாறியிருக்கிறது. நேற்றுவரை உங்களிடம் இருந்தது, இன்றைக்கு ரிசீவரிடம் இருக்கிறது. கம்பெனி ஆள் உங்களுக்கு உரிமை இல்லை என்று சொன்னது சரி. ஆனால் கம்பெனி மேல் வழக்கே போட முடியாது என்று அவர் நினைக்க வைக்கப் பார்க்கிறாரே, அது சரியில்லை. 59-ஆவது பிரிவுப்படி ரிசீவர் கோர்ட் அனுமதி வாங்கி அந்த வழக்கைப் போடலாம். வரும் பணம் உங்களுக்குக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்காகப் போகும். எல்லாக் கடனும் வட்டியும் செலவும் தீர்ந்து மிச்சம் இருந்தால் அது உங்களுக்கு, 67-ஆவது பிரிவு.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். உத்தரவு போன மாதம்தான் வந்தது, அதற்கு முன்னாடியே போட்டிருந்தால் தப்பித்திருக்கலாமோ என்று தோன்றும். அதுவும் நடக்காது. உத்தரவு எப்போது வந்தாலும், மனு தாக்கல் செய்த நாளிலிருந்தே அது செல்லும் என்று அதே 28-ஆவது பிரிவு சொல்கிறது.

சரி, இப்போது நான் உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் ஐ.பி. மனுவில் சொத்துப் பட்டியல் இருக்குமே, அதில் இந்த 3 லட்சத்தை எழுதினீர்களா?

கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை, அதனால் எழுதவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. நான் ஜூனியராக இருந்த காலத்தில் ஒரு மனுவை டைப் அடித்துக் கொண்டுபோய் சீனியர் மேஜையில் வைத்தேன். அசையாச் சொத்து, அசையும் சொத்து, கையிருப்பு என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், கடைசியில் "பிறரிடமிருந்து வரவேண்டியது" என்ற இடத்தில் பென்சிலை நிறுத்தினார். அங்கே நான் "இல்லை" என்று அடித்திருந்தேன். கட்சிக்காரரைக் கூப்பிட்டு, "உனக்கு யாரும் பாக்கி இல்லையா? யார் மேலயாவது நோட்டீஸ் விட்டிருக்கியா? பேங்க்காரன் உன் கணக்கில் தப்பா எதுவும் பிடிச்சிருக்கானா? எவனாவது அட்வான்ஸ் திருப்பித் தரணுமா?" என்று அரை மணி நேரம் கேட்டார். மூன்று விஷயம் வெளியே வந்தது. "இல்லை"யைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, போய்த் திருத்து என்றார்.

அப்போது அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பல வருடம் கழித்து வேறொருவர் என்னிடம் வந்தார், மனுவை வேறு எங்கோ எழுதி வாங்கியிருந்தார். கடன் கொடுத்த நிறுவனத்தின் மேல் அவர் போட்டிருந்த வழக்கில் குறுக்கு விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல் சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. ஐ.பி. மனுவின் சான்றிட்ட நகலை நீட்டி, "இது உங்கள் கையெழுத்துதானே?" என்றார். ஆமாம். "இந்த வரியைப் படியுங்கள்." அவர் படித்தார்: வரவேண்டியது, இல்லை. "சத்தியம் செய்து சொன்னதுதானே?" அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. கணக்கில் அந்த நிறுவனம் செய்த தப்பு அப்பட்டமாகத் தெரிந்த வழக்கு அது, ஆனால் அதற்கப்புறம் அவர் பேச்சை நம்பவே ஆள் இல்லை.

அதனால்தான் இதைத் திரும்பத் திரும்ப எழுதுகிறேன். ஐ.பி. போடுகிறவருக்குத் தன் கடன்கள்தான் கண் முன்னால் நிற்கும். எவ்வளவு தர வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதுவார், தனக்கு எவ்வளவு வரவேண்டும் என்பதை மறந்துவிடுவார். அதிலும் யாரிடம் 12 லட்சம் கடன் வாங்கினாரோ அவரே நமக்கு 3 லட்சம் தர வேண்டும் என்பது மனதுக்கு ஏறாது. ஆனால் 13-ஆவது பிரிவு மனுவில் எல்லாச் சொத்தையும் மதிப்போடு எழுதச் சொல்கிறது. வேண்டுமென்றே மறைத்தால் 69-ஆவது பிரிவில் ஒரு வருடம் வரை சிறைகூட உண்டு. நீங்கள் மறைக்கவில்லை, மறந்திருக்கிறீர்கள். அதற்குத் தண்டனை என்று பயப்பட வேண்டாம். ஆனால் இன்றைக்குச் சொன்னால்தான் அது மறதி. ஆறு மாதம் கழித்து எதிராளி கண்டுபிடித்துச் சொன்னால் அதை மறதி என்று யாரும் ஏற்க மாட்டார்கள்.

என்ன செய்ய வேண்டும்? முதலில் உங்கள் வக்கீலை வைத்து, விடுபட்டதைச் சேர்க்கச் சொல்லி ஒரு அஃபிடவிட் தாக்கல் செய்யுங்கள். நோட்டீஸ் அனுப்பிய தேதி, கேட்ட தொகை, எதற்காகக் கேட்டீர்கள், எல்லாம் அதில் வரட்டும். அடுத்து ரிசீவரைப் போய்ப் பாருங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள். கடன் ஒப்பந்தம், ஸ்டேட்மெண்ட், உங்கள் நோட்டீஸ், அது போய்ச் சேர்ந்த ரசீது, இவற்றோடு எந்தத் தேதியில் எவ்வளவு தப்பாகப் பிடித்தார்கள் என்று ஒரே ஒரு தாளில் கணக்கு. ரிசீவர் கையில் எத்தனையோ கோப்பு இருக்கும். வழக்குச் செலவுக்கு உங்கள் சொத்தில் பணம் இருக்கிறதா, ஜெயித்தால் செலவைவிட அதிகம் வருமா என்றுதான் அவர் பார்ப்பார், அவர் வேலை அது. அவர் யோசிக்க வேண்டியதை நீங்கள் யோசித்து எழுதிக்கொண்டு போனால் பாதி தடை விலகிவிடும். செலவுக்குப் பணமில்லை என்றால், நூல் கொடுத்தவர்களில் ஒருவர் செலவை ஏற்கத் தயாரா என்று கேட்டுப் பாருங்கள், ஏனென்றால் ஜெயித்தால் பணம் போவது அவர்களுக்குத்தான்.

ரிசீவர் முடியாது என்று எழுதிக் கொடுத்தாலும் முடிந்துபோகவில்லை. 68-ஆவது பிரிவுப்படி அவர் முடிவை எதிர்த்து அதே கோர்ட்டில் மனு போடலாம். ஆனால் 21 நாளுக்குள். அதைத் தாண்டினால் கோர்ட் எடுக்காது.

வழக்கே இல்லாமல் இந்தத் தொகையைப் பயன்படுத்தவும் ஒரு வழி இருக்கிறது. கம்பெனி தன் பாக்கியைக் காட்டி ரிசீவரிடம் வரும்தானே? அப்போது 46-ஆவது பிரிவு வேலைக்கு வரும். இரண்டு பக்கமும் கொடுக்கல் வாங்கல் இருந்தால், ஒன்றில் ஒன்றைக் கழித்து மிச்சத்தை மட்டும்தான் கேட்க முடியும். கம்பெனி 9 லட்சம் பாக்கி என்று வந்தால், தப்பாகப் பிடித்த 3 லட்சத்தைக் கழிக்கச் சொல்லி ரிசீவரிடம் எழுத்தில் கொடுங்கள். கம்பெனியின் பங்கு குறைந்தால் மற்றவர்களுக்குக் கூடும், அதனால் அவர்களும் உங்கள் பக்கம் நிற்பார்கள். உங்கள் நிலைமையில் நான் இதைத்தான் முதலில் செய்வேன்.

கடைசியாக, காலம். இப்படிப்பட்ட பணத்தைத் திரும்பக் கேட்க பொதுவாக மூன்று வருடம். இன்சூரன்ஸ் பிரீமியம் பிடித்தது கடன் கொடுத்த அன்று, இரண்டரை வருடம் ஓடிவிட்டது. வழக்கு வேண்டும் என்றால் ரிசீவர் கையில் இருப்பது ஆறே மாதம். கையெழுத்தில்லாமல் பிடித்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது என்ற வாதம் இருக்கிறதுதான், ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். யாரோ அவசரப்படுத்தி உங்கள் பெயரிலேயே வழக்கைப் போட்டுவிட்டால், நல்லெண்ணத்தில் நேர்ந்த தவறு என்று காட்டி ரிசீவரை வாதியாக மாற்றக் கேட்க சிவில் நடைமுறைச் சட்டத்தில் இடம் உண்டு, கட்டளை 1 விதி 10. ஆனால் அது விழுந்த பிறகு எழுந்து நிற்கிற வழி. முதலிலேயே ரிசீவர் பெயரில் போடுவதுதான் நேர்.

கேள்வி: நானும் என் கணவரும் சேர்ந்து ஒரு பேங்கில் கடன் வாங்கியிருந்தோம். கணக்கில் குளறுபடி என்று இருவரும் சேர்ந்து சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. நடுவில் அவருடைய வேறு கடன்களுக்காக அவர் மட்டும் ஐ.பி. கொடுத்துவிட்டார், உத்தரவும் ஆகிவிட்டது. இப்போது வழக்கு தானாகவே செத்துவிடும் என்கிறார்கள். என்னையும் சேர்த்தா?

பதில்: இல்லை அம்மா, தானாகச் சாகாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 22 விதி 8 இதற்காகவே இருக்கிறது. வாதி நொடித்தவர் ஆகிவிட்டார் என்பதற்காக வழக்கு அற்றுப்போகாது. ரிசீவர் தொடர மாட்டேன் என்று சொன்னாலோ, கோர்ட் கேட்ட செலவுப் பிணையை அது குறித்த காலத்துக்குள் கட்டாமல் விட்டாலோதான் எதிர்த்தரப்பு வழக்கைத் தள்ளச் சொல்லிக் கேட்க முடியும். அதனால் அடுத்த வாய்தாவுக்குக் காத்திருக்காமல், உங்கள் கணவர் உத்தரவு நகலோடு ரிசீவரைப் பார்த்து, அவர் இடத்தில் ரிசீவரைச் சேர்க்க மனு போட வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் விடுகிற வழக்குகள்தான் சாகின்றன.

உங்கள் உரிமை வேறு. நீங்கள் ஐ.பி. கொடுக்கவில்லை. ரிசீவரிடம் போனது உங்கள் கணவருக்குரியது மட்டும். கூட்டுக் கடனாளி என்ற முறையில் கணக்கைக் கேள்வி கேட்க உங்களுக்கு இருக்கும் உரிமை உங்களிடமேதான் இருக்கிறது. கோர்ட்டில் உங்கள் பெயர் இரண்டாவது வாதி என்று இருந்தால், நீங்கள் தொடர்ந்து நடத்தலாம். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அவருடைய ஐ.பி. உங்களைக் காப்பாற்றாது. கடனுக்கு நீங்களும் கையெழுத்துப் போட்டிருப்பதால் பேங்க் முழுப் பாக்கியையும் உங்களிடம் கேட்கலாம்.

"பேங்க் விஷயமெல்லாம் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குத்தான் போகணும், சிவில் கோர்ட் பார்க்காது" என்று எதிர்த்தரப்பு சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பேங்க் ஆஃப் ராஜஸ்தான், வி.சி.கே. ஷேர்ஸ் வழக்கில் இதைத் தீர்த்து வைத்துவிட்டது. 1993-ஆம் வருடக் கடன் மீட்புச் சட்டம் இருப்பதாலேயே, கடன் வாங்கியவர் பேங்க் மேல் தனியாகப் போட்ட சிவில் வழக்கைக் கேட்கும் அதிகாரம் சிவில் கோர்ட்டிடமிருந்து போய்விடாது. உங்கள் வக்கீலுக்கு இந்தத் தீர்ப்பு தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் காட்டுங்கள். ஆனால் உங்கள் கடனுக்கு வீடு அடமானம் இருந்து பேங்க் சர்ஃபாசி சட்டத்தில், அதாவது கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க இடம் தரும் சட்டத்தில், நடவடிக்கை எடுத்தால் கதை வேறு, அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

கேள்வி: வீட்டை அடமானம் வைத்துத்தான் கடன். ஐ.பி. போட்டுவிட்டால் பேங்க் வீட்டைத் தொட முடியாது என்று ஒருவர் சொன்னதை நம்பி 40 ஆயிரம் கொடுத்துப் போட்டேன். இப்போது சுவாதீன நோட்டீஸ், அதாவது வீட்டைப் பேங்க் தன் வசம் எடுத்துக்கொள்கிறது என்ற தாள், கதவில் ஒட்டியிருக்கிறது. என்ன செய்ய?

பதில்: உங்களிடம் 40 ஆயிரம் வாங்கியவர் சொன்னது பொய். இதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் இதே பொய்யை நம்பி வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நொடிப்பு உத்தரவு வந்த பிறகு அடமானம் இல்லாமல் கடன் கொடுத்தவர் கோர்ட் அனுமதியில்லாமல் உங்கள் மேல் வழக்குப் போட முடியாது, அது உண்மை. ஆனால் அடமானம் வாங்கியவருடைய கை கட்டப்படவில்லை. நொடிப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவிலேயே ஆறாவது உட்பிரிவு, ஈடு வாங்கிக் கடன் கொடுத்தவர் தன் ஈட்டை விற்று எடுக்கும் அதிகாரத்தை இந்தப் பிரிவு பாதிக்காது என்று பச்சையாகச் சொல்கிறது.

ஆகவே உங்கள் சண்டை இனி கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில். 2002-ஆம் வருட சர்ஃபாசி சட்டப்படி பேங்க் முதலில் 60 நாள் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். நீங்கள் ஆட்சேபம் எழுதியிருந்தால் 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்லியிருக்க வேண்டும். அதெல்லாம் நடந்ததா என்று தேதி தேதியாகப் பாருங்கள். சுவாதீன நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 45 நாளுக்குள் 17-ஆவது பிரிவில் மனு போட வேண்டும். கதவில் ஒட்டிய தாளில் தேதி இருக்கும், உடனே போட்டோ எடுத்து வையுங்கள், அங்கிருந்துதான் எண்ண வேண்டும். அந்தப் பிரிவு கடன் வாங்கியவர் உட்பட பாதிக்கப்பட்ட எவரும் போகலாம் என்கிறது. இருந்தாலும் வீட்டில் உங்கள் பங்கு இப்போது ரிசீவரிடம் இருப்பதால், அவருக்குத் தகவல் கொடுத்து அவரையும் தரப்பாகச் சேர்த்துப் போடச் சொல்லுங்கள், பின்னால் அந்த ஓட்டை இருக்கக் கூடாது. சிவில் கோர்ட்டுக்குப் போய் நாளை வீணாக்காதீர்கள். 34-ஆவது பிரிவு அந்தக் கதவைச் சாத்திவிட்டது. பேங்க் செய்வது அப்பட்டமான மோசடி என்று காட்ட முடிகிற அரிதான வழக்குகளுக்கு மட்டும் உச்ச நீதிமன்றம் 2004-இல் மார்டியா கெமிக்கல்ஸ் தீர்ப்பில் கொஞ்சம் இடம் வைத்தது. அடமானம் விவசாய நிலம் என்றால் சர்ஃபாசியே செல்லாது, ஆனால் நீங்கள் வீடு என்று எழுதியிருக்கிறீர்கள்.

கேள்வி: ஐ.பி. உத்தரவு ஆனதிலிருந்து வசூல் ஆட்கள் இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து, என் அம்மா முன்னாலேயே அசிங்கமாகப் பேசுகிறார்கள். கேட்டால், "நீதான் திவாலாச்சே, எங்க மேல என்ன கேஸ் போடுவ" என்கிறார்கள். எல்லா உரிமையும் ரிசீவருக்குப் போய்விட்டது என்றால் இதற்கும் அவரிடம்தான் போக வேண்டுமா?

பதில்: தம்பி, வேண்டாம். ரிசீவருக்குப் போனது உங்கள் சொத்து. உங்கள் மானமும் உடம்பும் மனதும் யாருக்கும் போகவில்லை. அவதூறு, அடிதடி, மன உளைச்சல் என்று ஒருவருக்கே நேரடியாக நேர்ந்த தீங்குக்காகக் கேட்கும் உரிமை நொடித்தவரிடமே தங்கும் என்பது நொடிப்புச் சட்டத்தில் பழைய கொள்கை. கடன்காரர்களுக்குப் பங்கு வைப்பதற்காக அதை எடுத்துக்கொள்வதில்லை. போலீஸ் புகார் கொடுக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை, திவாலானவரும் குடிமகன்தான்.

பேங்க்காக இருந்தாலும் ஃபைனான்ஸ் கம்பெனியாக இருந்தாலும், வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது, மிரட்டவோ குடும்பத்தார் முன்னால் அவமானப்படுத்தவோ கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் திரும்பவும் உத்தரவு போட்டது. ஆட்களை அனுப்பியது வெளி ஏஜென்சி என்று கம்பெனி கையைக் கழுவ முடியாது, பொறுப்பு கம்பெனிக்குத்தான். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார், ஈமெயில் போதும். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது பதில் சரியில்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்கு, அதாவது குறைதீர்ப்பாளருக்கு, போகலாம், கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். வந்தது கந்துவட்டிக்காரரின் ஆள் என்றால் தமிழ்நாட்டின் 2003-ஆம் வருடக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, புகாரில் அந்தப் பெயரை எழுதியே கொடுங்கள்.

அவர்கள் அடுத்த முறை வரும்போது சண்டை போடாதீர்கள். நேரம் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நிற்க வையுங்கள், நொடிப்பு உத்தரவின் நகலைக் காட்டி, பாக்கி இருந்தால் ரிசீவரிடம் போய்க் கேளுங்கள் என்று ஒரே வரி சொல்லுங்கள். அம்மாவிடமும் அந்த வரியைச் சொல்லிக் கொடுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில்தான் அவர்கள் வருவார்கள்.

கேள்வி: 2016-இல் புது திவால் சட்டம் வந்துவிட்டதே, நீங்கள் ஏன் எல்லோருக்கும் 1920 சட்டத்தையே சொல்கிறீர்கள்?

பதில்: தனி மனிதர்களுக்கான பகுதி அந்தப் புதுச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. ஒரு கம்பெனியின் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. மற்றவர்களுக்கு இன்னும் பழைய சட்டம்தான்: சென்னை நகரத்தில் 1909-ஆம் வருடச் சட்டம், உயர் நீதிமன்றம், அங்கே ரிசீவர் இடத்தில் அஃபிஷியல் அசைனி, மற்ற மாவட்டங்களில் 1920 சட்டம். 500 ரூபாய் கடன் இருந்தால் மனு போடலாம் என்று அப்போது எழுதிய தொகைகூட இன்னும் மாறவில்லை. மாற்ற வேண்டிய சட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மாற்றும்வரை நம் ஆட்களுக்கு அதுதான் சட்டம்.

நீங்கள் கம்பெனிக்கு ஜாமீன் போட்டவர் என்றால் உங்கள் விஷயம் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் நடக்கும். அங்கே தடைக்காலம் அமலுக்கு வந்ததும் உங்கள் கடன் சம்பந்தமான வழக்குகள் அப்படியே நிற்கும். உங்களுக்கும் அந்த பேங்குக்கும் நடக்கும் வழக்கு எந்தப் பக்கம் விழும் என்பது வழக்கின் பிராதைப் பார்த்தால்தான் சொல்ல முடியும், அதை அனுப்புங்கள்.

கேள்வி: ஐ.பி. முடிந்து விடுவிப்பு உத்தரவும் வாங்கிவிட்டேன். பழைய கடன் கம்பெனி மேல் எனக்கிருந்த வழக்கு உரிமை இப்போது திரும்பி வந்துவிட்டதா?

பதில்: விடுவிப்பு உத்தரவு நீங்கள் தர வேண்டியதிலிருந்து உங்களை விடுவிக்கிறது. அரசுக்குச் சேர வேண்டியது, மோசடியால் வந்த கடன், ஜீவனாம்சம் மாதிரி சில கடன்கள் மட்டும் அதிலும் நிற்கும். ஆனால் உங்களுக்கு வர வேண்டியது அதனால் உங்கள் கைக்குத் திரும்பாது. ரிசீவரிடம் போன உரிமை ரிசீவரிடமேதான் இருக்கும். விடுவிப்புக்கு முன்னால் உங்களுக்கு வந்து சேர்ந்த சொத்துக்கும் இதே கதிதான். விடுவிப்புக்குப் பிறகு அதே கம்பெனி ஏதாவது புதிதாகத் தப்புச் செய்தால், உதாரணத்துக்குத் தீர்ந்துபோன கடனுக்கு மறுபடி பணம் பிடித்தால், அந்த வழக்கு முழுக்க உங்களுடையது.

நொடிப்பு உத்தரவே ரத்தானால் நிலைமை வேறு. முழுக் கடனையும் கட்டிவிட்டீர்கள் என்றோ, முதலிலேயே அந்த உத்தரவு போட்டிருக்கக் கூடாது என்றோ கோர்ட் ரத்து செய்யும். சொன்ன காலத்துக்குள் விடுவிப்பு கேட்டு மனு போடாமல் விட்டாலும் ரத்தாகும். அப்போது 1920 சட்டத்தின் 37-ஆவது பிரிவுப்படி, கோர்ட் வேறு யாரையும் நியமிக்காவிட்டால் சொத்து உங்களிடமே திரும்பும், வழக்கு உரிமையும் அதோடு வரும், கடன்களும் திரும்ப வரும். உங்கள் கையில் இருப்பது விடுவிப்பு உத்தரவா, ரத்து உத்தரவா என்று நகலை எடுத்து இன்னொரு தரம் பாருங்கள். எழுத்து சின்னதாக இருக்கும், இரண்டையும் "முடிஞ்சிருச்சு" என்றே குமாஸ்தா சொல்லியிருப்பார். விடுவிப்பு என்றால், உங்கள் கோப்பு இன்னும் ரிசீவர் அலுவலகத்தில் திறந்திருக்கிறதா என்று கேட்டு, அந்த வழக்கைப் பற்றி ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.